சாலை ஏற ஏற வீடு இறங்குகிறது

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மேல் பாதியில் தண்ணீர் லாரிக்காரர்களின் நம்பர்கள், கீழ்ப் பாதியில் கழிவுநீர் லாரிக்காரர்களின் நம்பர்கள். சித்திரையிலிருந்து ஆடி வரை மேல் பாதிக்கு வேலை. ஐப்பசி, கார்த்திகையில் கீழ்ப் பாதிக்கு. தென்சென்னை மடிப்பாக்கத்தில் தனிவீட்டில் இருக்கிற பழைய ஆட்கள் யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு வகை நம்பரும் கிடைக்கும். அபார்ட்மென்ட்டில் மூன்றாம் மாடி வாங்கி வந்தவர்களுக்கு மேல் பாதி மட்டும் போதும்.

போன மாதம் எதிர்வீட்டு சார் கேட்டார். "எல்லாரும் பண்றாங்க, நீங்களும் வீட்டைத் தூக்கிடலாமேம்மா?" அவர் ஜாக்கி வைத்து முழு வீட்டையும் அப்படியே உயர்த்திவிட்டார். இப்போது அவர் வீட்டு வாசல் என் தோள் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் ஏன் தூக்கவில்லை, அதற்குப் பதில் என்ன செய்தோம் என்று வாசலில் நின்று அவரிடம் முழுதாகச் சொல்ல முடியவில்லை, குக்கர் விசில் அடித்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மாமனார் இந்த வீட்டைக் கட்டியது 1989-இல். அப்போது வாசலில் மூன்று படி. நான் மருமகளாக வந்தபோது எடுத்த போட்டோவில் நான் மேல்படியில் நிற்கிறேன், தெரு எங்கோ கீழே இருக்கிறது. அதற்குப் பிறகு தெருவுக்குத் தார் போடப் போட, முதல் படி மண்ணுக்குள் போனது, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் வர நாங்கள் ஒரு படி இறங்குகிறோம். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டுவதால் வந்த வினை. மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு சுற்றறிக்கையே அனுப்பினார். அதன் பிறகு பல தெருக்களில் சுரண்டும் இயந்திரத்தைப் பார்க்க முடிகிறது, நல்லதுதான். ஆனால் ஏற்கனவே ஏறியது ஏறியதுதானே? புதைந்த மூன்று படியை யார் திருப்பித் தருவார்கள்?

தார் ஒரு பாதி என்றால் ஊரின் அமைப்பு இன்னொரு பாதி. தாம்பரம் பக்கத்திலிருந்து ஏரி ஏரியாக நிரம்பி வழிகிற தண்ணீர் கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் என்று சுற்றிக் கடலுக்கு. ஒரு காலத்தில் ஐம்பது சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சதுப்பு. 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது கணக்கில் வந்தது 1,248 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரைச் சதுர கிலோமீட்டர். மிச்ச இடத்தில் நாமெல்லாம் குடியிருக்கிறோம், குப்பை கொட்டுகிறோம், கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறோம். சதுப்பு நிரம்பிவிட்டால் எங்கள் தெருத் தண்ணீர் இறங்க இடமே கிடையாது. மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் பக்கத்தில் பார்க்கலாம். வெயில் அடித்துக்கொண்டிருக்கும், வாசலில் தண்ணீர் விரல் விரலாக உயரும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பிடித்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். எங்கள் ஹாலில் தண்ணீர் முழங்காலுக்கு மேலே. அந்தச் சமயத்தைப் பற்றி எல்லோரும் படகு, ஹெலிகாப்டர், பால் பாக்கெட் என்று எழுதிவிட்டார்கள். நான் கக்கூஸைப் பற்றி எழுதுகிறேன். யாரும் எழுதுவதில்லை, ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் முதலில் அந்த வழியாகத்தான் வந்தது. வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால், பின்னால் 'குளுக் குளுக்' என்று சத்தம். செப்டிக் டேங்க் நிரம்பி, கோப்பை வழியாக வெளியே கொப்பளிக்கிறது. தெருத் தண்ணீர் வருவதற்கு முன்பே அந்தத் தண்ணீர் வந்துவிடும்.

மாடியில் ஒரு குடித்தனம், சின்னக் குழந்தையோடு. அவர்கள் மேலே ஒரு முறை ஃப்ளஷ் பண்ணினால் கீழே எங்களுக்குப் பொங்கும். அவர்களுக்கு அது தெரியாது, எங்களுக்கோ சொல்லக் கூச்சம். கடைசியில் அத்தைதான் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு கத்தினார்: "ஏம்மா, மேல தண்ணி ஊத்தாதீங்க, எல்லாம் இங்க வருது!" அதற்குப் பிறகு ஏற்பாடு ஒன்று வந்தது. இரண்டு வீட்டுக்கும் மாடிக் கக்கூஸ்தான், வாளியில் அளந்துதான் தண்ணீர், குளியலே கிடையாது. கீழ்க் கோப்பையில் பழைய துணி சுற்றிய மணல் பையைத் திணித்து, அதன் மேல் அம்மிக்கல்லை வைத்தோம். மாடி வீட்டுப் பெண் இன்றைக்கும் பார்த்தால் முதலில் விசாரிப்பது அந்த அம்மிக்கல்லைத்தான்.

அந்தத் தண்ணீர் சுவரில் ஒரு கோடு விட்டுப் போனது. டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பழுப்பாக, ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக. வெள்ளையடிக்க ஆள் வந்தபோது அந்தக் கோட்டை மட்டும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழம் அளவுக்கு விட்டுவைக்கச் சொன்னார் என் கணவர். வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டிப் பெருமையடிக்கத்தான் என்று நினைத்தேன். பின்னால் அது வேறொன்றுக்குப் பயன்பட்டது, வருகிறேன்.

நான்கே வருஷத்தில் கதை தலைகீழ். 2018-இல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் தரை தெரியக் காய்ந்து கிடந்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகனில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்து இறங்கியது. டிவியில் பார்த்துவிட்டு அத்தை, "ரயில்ல மனுஷங்கதான் வருவாங்கன்னு நெனச்சேன்" என்றார். எங்கள் தெருவில் போர்வெல் எல்லாம் காற்றுதான் இழுத்தன. 12,000 லிட்டர் தனியார் லாரி இரண்டு மடங்கு விலைக்குப் போனது. அதுவும் இன்று சொன்னால் என்றைக்கு வரும் என்று டிரைவருக்கே தெரியாது. ராத்திரி ஒரு மணிக்கு ஹாரன் அடிப்பார், எழுந்து போய் சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டியின் மூடியைத் திறக்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பாத்திரம் கழுவின தண்ணீர் கக்கூஸுக்கு, அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு, துணி அலசின தண்ணீர் வாசல் தெளிக்க. இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடந்தது.

அப்போதுதான் என் மகன் ஒரு கணக்குப் போட்டான். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். ஆக, பதிமூன்று சென்டிமீட்டர் பெய்தால் ஒரு லாரி. சென்னையில் ஒரு சராசரி வருஷத்து மழை 140 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய பதினோரு லாரி நம் மாடியில் இறங்கி, குழாய் வழியாகத் தெருவுக்கு ஓடி, தெருவிலிருந்து திரும்ப நம் ஹாலுக்கே வருகிறது. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து காசு கொடுத்து வாங்குகிற அதே பொருள்!

சட்டமெல்லாம் இருக்கிறது. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது மாமனாரும் மூலையில் மூன்றடிக் குழி தோண்டி, கருங்கல் ஜல்லியும் செங்கல் துண்டும் போட்டு மூடினார். சோதிக்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் மண் களிமண். மூன்றடிக் குழியில் ஊற்றினால் அங்கேயே தேங்கி, கொசுதான் வளரும். களிமண் அடுக்கைத் தாண்டி மணல் கலந்த அடுக்கு வரைக்கும் இறங்கினால்தான் தண்ணீர் உள்ளே போகும். மணற்பாங்கான பெசன்ட் நகரில் பலன் கொடுக்கிற குழி இங்கே கொடுக்காது. ஊர் முழுவதற்கும் ஒரே படம் போட்டுக் கொடுத்தால் இப்படித்தான்.

இனி எதிர்வீட்டு சார் வீடு. அதைத் தூக்கியதைத் தினமும் பால்கனியில் நின்று பார்த்தவள் நான், ஒரு சினிமாவும் அப்படி என்னை நிற்க வைத்ததில்லை. வடநாட்டு ஆட்கள், சின்னப் பையன்கள். முதலில் தரையை உடைத்து, சுவருக்கு அடியில் அஸ்திவாரத்தைப் பகுதி பகுதியாகத் துளைத்தார்கள். துளைத்த இடத்தில் இரும்புச் சட்டம் செருகி, அதற்குக் கீழே ஜாக்கி. லாரிக்கு டயர் மாற்ற வைப்பார்களே, அதே மாதிரி திருகு ஜாக்கிதான். ஒரு முழத்துக்கு ஒன்று என்று வீடு முழுக்க வரிசையாக. எல்லாம் வைத்து முடித்ததும் மேஸ்திரி குரல் கொடுப்பார், எல்லாப் பையன்களும் ஒரே சமயத்தில் கம்பியைப் பிடித்து ஒரு திருகு. அடுத்த குரல், அடுத்த ஜாக்கிக்கு நகர்வார்கள். ஒருத்தன் அதிகமாகத் திருகினால் சுவரில் விரிசல். பெரிதாகச் சத்தமே கிடையாது. காலையில் பார்த்தபோது சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவில் விரல்கடை இடைவெளி, மாலையில் அதற்குள் பூனை ஒன்று படுத்திருந்தது. பிறகு ஜாக்கிகளுக்கு நடுவே செங்கல் கட்டி, ஒவ்வொன்றாக உருவி, உள்ளே கிராவல் நிரப்பிப் புதுத் தரை போட்டார்கள்.

வீடு பிரமாதமாக இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சார் கணக்கில் சேர்க்காத செலவுகள் பின்னால் வந்தன. வீடு மேலே போனது, சம்ப் பழைய இடத்திலேயே இருந்தது. செப்டிக் டேங்கும் அப்படியே. கழிவுக் குழாய் இணைப்பு எல்லாவற்றையும் வெட்டி மறுபடி போட வேண்டியிருந்தது. உள்ளே போட்ட மண் அமுங்கி, ஒரு ரூமில் டைல்ஸ் இறங்கி, திரும்பப் பெயர்த்தார்கள். கார் ஏற்றச் சாய்தளம் கட்டினார்கள், அது தெருவில் பாதி வரைக்கும் வந்து நிற்கிறது. அந்தச் சாய்தளத்தில் முட்டுகிற தண்ணீர் எங்கே திரும்பும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சார் நல்ல மனிதர், பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புகிறவர். அதனால் சண்டை போடவும் முடியவில்லை.

நாங்கள் தூக்காததற்கு ஒரு காரணம் பணம். அதைவிடப் பெரிய காரணம் சுவர். மாமனாரும் அவர் தம்பியும் ஒரே சமயத்தில், நடுச்சுவர் பொதுவாக, ஒட்டிக் கட்டிய வீடு இது. பாதி வீட்டைத் தூக்க ஜாக்கி கிடையாது. சின்ன மாமனார் வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில், "இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்மா" என்கிறார்கள்.

ஆகவே எங்கள் மேஸ்திரி வேறு வழி சொன்னார். "தண்ணி உள்ள வரும்மா. வரட்டும். வந்தா என்ன நனையக் கூடாதுன்னு மட்டும் பாப்போம்." ஒளிபுகும் பிளாஸ்டிக் டியூப் ஒன்றை எடுத்தார், அவர்கள் மட்டம் பார்க்கிறது. அதில் தண்ணீர் நிரப்பி, விரலால் தட்டித் தட்டி உள்ளே இருந்த காற்றுக் குமிழை எல்லாம் வெளியேற்றினார். ஒரு குமிழ் நின்றாலும் மட்டம் தப்பிவிடுமாம். ஒரு முனையை நான் படிக்கட்டுப் பக்கம் விட்டுவைத்திருந்த 2015 கோட்டில் பிடித்துக்கொண்டேன், மறுமுனையோடு அவர் வீடு முழுக்க நடந்தார். "அசையாதீங்கம்மா... சரி." சமையலறைச் சுவரில் ஒரு பென்சில் கோடு. மோட்டார் மேடையில் ஒன்று. கிணற்றுச் சுவரில், மீட்டர் பெட்டியில், சம்ப் மூடிக்குப் பக்கத்துத் தூணில். முடித்துவிட்டுப் பார்த்தால் வீடு முழுவதும் ஒரே உயரத்தில் கோடு. மீட்டர் பெட்டி கோட்டுக்குக் கீழே, பாதி ஸ்விட்ச் பிளக் கீழே, சம்ப் வாய் தரையோடு தரையாகக் கீழே. எதை மாற்ற வேண்டும் என்பதற்கு அதற்கு மேல் யோசனையே தேவைப்படவில்லை.

பிளக் பாயின்ட் எல்லாம் கோட்டுக்கு ஒரு சாண் மேலே போயின. கீழ்த்தளத்துக்குத் தனி பிரேக்கர் போட்டோம், தண்ணீர் வந்தால் அதை மட்டும் இறக்கிவிடலாம். சமையலறையில் ஊறி உப்பிய பிளைவுட் அலமாரிகளை எடுத்துவிட்டுக் கடப்பாக் கல் தட்டு. கதவு போடவில்லை, பார்க்கச் சுமார்தான், கழுவிவிட்டால் முடிந்தது. சம்ப் வாயைச் சுற்றிக் கோட்டுக்கு மேலே வருகிற மாதிரி சுவர் எழுப்பி, மேலே மூடி. மழை எச்சரிக்கை வந்தால் சம்ப்பை நிரப்பி வைக்கிறோம். குடிக்க நல்ல தண்ணீர் இருக்கும் என்பது ஒன்று. காலியான தொட்டியை, சுற்றி மண்ணில் ஊறி நிற்கிற தண்ணீர் மேலே தள்ளும் என்பது இன்னொன்று. பக்கத்துத் தெருவில் புதைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வெள்ளத்தில் தரையைப் பிளந்துகொண்டு வெளியே வந்து நின்றதைப் பார்த்தோம். அதே காரணத்தால், தண்ணீர் நிற்கும்போது செப்டிக் டேங்கை உறிஞ்சக் கூடாது, வடிந்த பிறகுதான். கழிவுக் குழாயில் ஒருவழி வால்வு போட்டாயிற்று. வெளியிலிருந்து வருவது நின்றுவிடும். ஆனால் வால்வு மூடியிருக்கும்போது நம்முடையதும் வெளியே போகாது, அதனால் மாடிக் குடித்தனத்தோடு அந்தப் பழைய ஒப்பந்தம் இன்னும் அமலில்தான் இருக்கிறது.

எனக்குப் பிடித்த வேலை கிணறு. பின்கட்டில் மாமனார் இறக்கிய உறைக்கிணறு, 2019-இல் அடியில் சேறு தெரிந்தது. மூடிவிட்டு அந்த இடத்தில் வண்டி நிறுத்தலாம் என்று பேச்சு இருந்தது. புதிதாகக் குழி வெட்டுவதைவிட இதில் மாடித் தண்ணீரை விட்டால் என்ன என்று மேஸ்திரிதான் கேட்டார். களிமண்ணைத் தாண்டி ஏற்கனவே இறங்கி நிற்கிறதே. தூர்வார வந்த பெரியவர் உடனே இறங்கவில்லை. வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் பலதடவை ஆட்டி, பிறகு எரிகிற விளக்கு ஒன்றை இறக்கி, அது அணையாமல் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் உறையில் கால் வைத்தார். "கெட்ட காத்து கண்ணுக்குத் தெரியாது, தாயி." வாளி வாளியாகக் கறுப்புச் சேறு, ஒரு பித்தளைச் செம்பு, மகன் சின்ன வயதில் தொலைத்த கிரிக்கெட் பந்துகள். அத்தை செம்பை மட்டும் உடனே அடையாளம் கண்டு வாங்கிக்கொண்டார்.

மேலே கோட்டைத் தாண்டி உறை ஏற்றினோம். மாடிக் குழாய் நேராகக் கிணற்றுக்குப் போகாது, நடுவில் ஒரு சின்னத் தொட்டி, தூசியும் இலையும் அங்கே தங்கிவிடும். முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு. புரட்டாசியில் மாடியைக் கூட்டிக் கழுவிவிட வேண்டும். தெருத் தண்ணீரை மட்டும் கிணற்றுக்குள் விடவே கூடாது. யாராவது 'அதையும் விட்டால் தெரு காயுமே' என்று யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எங்கள் தெருத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கக்கூஸ் பத்தியில் சொல்லிவிட்டேன்.

இதனால் வெள்ளம் குறைந்ததா? இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு ஹாலில் மறுபடி தண்ணீர், கணுக்காலுக்கு மேலே. ஆனால் மோட்டார் பிழைத்தது, சம்ப்பில் நல்ல தண்ணீர் இருந்தது, ஃபிரிட்ஜ் தன் மேடையில் நின்றது. வடிந்ததும் கழுவினோம், பிளீச்சிங் பவுடர் போட்டோம், அடுத்த வாரம் சமையல் வழக்கம்போல. மே மாதக் கணக்கு வேறு. முன்பு காய்ந்து போகிற கிணற்றில் இப்போது கோடையிலும் தண்ணீர் நிற்கிறது. குடிக்க எடுப்பதில்லை, துணிக்கும் கக்கூஸுக்கும் தாராளம். லாரி முழுவதும் நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டு போரும் முன்போல் காற்று இழுப்பதில்லை என்கிறார்கள். அது எங்கள் மாடித் தண்ணீர்தான் என்று என் கணவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்.

காருக்கு மட்டும் வழி இல்லை. ரெட் அலர்ட் வந்தால் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்துவதை 2024 அக்டோபரில் நாடே பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்கள் காரை சர்வீஸ் சென்டரில் இழுத்துக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. எங்களிடம் இருப்பது ஸ்கூட்டர்தான், அதைப் பலகை போட்டு மாடிப்படியில் ஏற்றிவிடுவோம்.

இந்த வருஷத்துக்கு மிச்சம் இருப்பது மீட்டர் பெட்டி. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு அதை மட்டும் கோட்டுக்குக் கீழே விட்டிருக்கிறோம், ஏனென்றால் அதை நாமாகக் கழற்றக் கூடாது, மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, பணம் கட்டி, அவர்கள் ஆள் வந்துதான் மாற்ற வேண்டும். எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு எர்த் கம்பியையும் சேர்த்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள் என்றார். விண்ணப்பம் கொடுத்தாயிற்று, தீபாவளிக்கு முன் வந்தால் சரி.